எங்கள் கிணறும் எஸ்தர் மிஸ்ஸும்

காலை ஆறு மணி. நீச்சல் குளத்தின் நாலடி ஆழத்தில், நெஞ்சளவு தண்ணீரில், இரும்பு ஏணியின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். ஐந்தடி எட்டங்குலம் உயரமுள்ளவன் நாலடித் தண்ணீரில் மூழ்க வேண்டுமென்றால் அதற்குத் தனித் திறமை வேண்டும். அந்தத் திறமை என்னிடம் இருப்பதாக உறுதியாக நம்பினேன்.

“ஏனுங்க சார், கம்பிய உட்டுப்போட்டு வாங்க” என்றார் கரையில் நின்ற எஸ்தர் மிஸ்.

“இதோ வாரேனுங்க” என்றேன்.

பதினோரு நாளாக எங்களுக்குள் இதே பேச்சுத்தான். அவர் கூப்பிடுவார், நான் வாரேன் என்பேன், கம்பி என்னை விடாது. பக்கத்து வரிசையில் ஏழு வயதுப் பிள்ளைகள் தவளை போலப் போய்வந்துகொண்டிருந்தார்கள். குளத்து விதிப்படி எல்லோரும் ரப்பர் தொப்பி போட வேண்டும், முடி தண்ணீரில் விழக்கூடாது என்பதற்காக. என் தலையில் விழுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. இருந்தும் போட்டேன். நான் சட்டத்தை மதிப்பவன்.

என்னை அங்கே அனுப்பியது காந்திபுரத்து எலும்பு டாக்டர். முதுகெலும்பில் நாலாவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே ஏதோ பிதுங்கிவிட்டது. “நீச்சல் போங்க, இல்லாட்டிக் கத்தி வெக்கோணும்” என்றார். ஐம்பத்தோரு வயதில் நான் இவ்வளவு வேகமாக ஒரு முடிவும் எடுத்ததில்லை.

எஸ்தர் மிஸ்ஸுக்கும் என் வயதுதான் இருக்கும். இருபது வருஷத்துக்கு மேலாக அந்தக் குளத்தில் சொல்லிக்கொடுக்கிறார். கழுத்தில் ஒரு விசில். அதை அவர் ஊதி நான் கேட்டதில்லை. ஊதத் தேவைப்படாத குரல்.

பன்னிரண்டாம் நாள் அவர் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னார்.

“போன வருசம் பத்திரிகைல நீங்க எழுதுனதப் படிச்சேனுங்க சார். தோட்டத்துல மோட்டார் ரூம் மேல ஏறி, தலைகீழா கெணத்துல குதிப்பேன்னு. எங்கூட்டுக்காரருக்குக் கூடப் படிச்சுக் காட்டுனேன். அந்தக் கையிதானுங்களா இது?”

கம்பியைப் பிடித்திருந்த கையைப் பார்த்தேன். அது என் கைதான்.

நான் குதிக்காத கிணறு

இந்தத் தொடரை விடாமல் படிப்பவர்களிடம் ஒப்புக்கொள்ள இதைவிட நல்ல இடம் கிடைக்காது. அந்த அத்தியாயம் பொய். நாலைந்து பேர் கடிதம் எழுதிப் பாராட்டினீர்கள். ஒருவர் தன் பேரனுக்கு வாசித்துக் காட்டியதாக எழுதியிருந்தார். பேரன் எங்கேயாவது தலைகீழாகக் குதிப்பதற்குள் இந்த வாரத்தையும் வாசித்துக் காட்டிவிடுங்கள்.

கிணறு உண்மை. காரமடைக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்தில் இருக்கிறது. ஐம்பதடிச் சதுரம், ஒரு பக்கம் முழுக்கக் கற்படி. எங்கள் பக்கத்துப் பையன்களுக்கு நீச்சல் பழக்குவது மிகச் சுலபம். காய்ந்த சுரைக்காய்க் கூட்டை முதுகில் கட்டுவார்கள். மேலே நிறுத்துவார்கள். தள்ளிவிடுவார்கள்.

எனக்கும் கட்டினார்கள். அப்போது ஏழோ எட்டோ வயது. அப்பா தள்ளினார், சித்தப்பா மேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பாதி வழியில் படியில் இடித்துச் சுரைக்கூடு உடைந்துவிட்டது. நான் கீழே போனேன். பச்சையாக ஒரு வெளிச்சம், காதுக்குள் ஒரு ரீங்காரம். வேறொன்றும் ஞாபகமில்லை.

யாரோ முடியைப் பிடித்து இழுத்தார்கள். அன்றைக்கு எனக்கு முடி இருந்தது.

இழுத்தவர் மாரப்பன். எங்கள் தோட்டத்தில் வேலை செய்தவர், காலனியில் குடியிருந்தவர். வரப்பிலிருந்து ஓடிவந்து குதித்தாராம். நான் தண்ணீரைக் கக்கி, அழுது, தூங்கி எழுந்தபோது மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கும் ஓடியது, மறுநாளும் ஓடியது. தேவையில்லாத வயலுக்கெல்லாம் தண்ணீர் பாய்ந்தது. கிணற்றை அடிவரை இறைத்துவிட்டார்கள்.

பயத்தில் நான் தண்ணீருக்குள் ஒரு காரியம் செய்திருந்தேன். அதனால்தான் இறைக்கிறார்கள் என்று நினைத்தேன். அந்த வெட்கத்தில் பல வருஷம் கிணற்றுப் பக்கமே போகவில்லை.

மாரப்பன் இறங்கியதால் இறைத்தார்கள் என்பது எனக்கு மீசை முளைத்த பிறகுதான் விளங்கியது. அப்போது அது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எங்கும் எழுதிவைக்காத சட்டம், காலனிக்காரர்கள் கிணற்றில் இறங்கக் கூடாது. என் உயிர் போகாமலிருக்க ஒருவர் இறங்கினார், கிணறு தீட்டாகிவிட்டது. அவர் எங்கே நீச்சல் பழகியிருப்பார் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இதை எழுத வராமல்தான் மோட்டார் ரூம் மேலிருந்து குதித்தேன்.

மாமியாரைத் திட்டும் முறை

எஸ்தர் மிஸ்ஸிடம் இதையெல்லாம் நாலடித் தண்ணீரில் நின்றபடியே சொன்னேன். அவர் உச்சுக் கொட்டவில்லை.

“எங்கப்பா கெணறு வெட்டறவருங்க சார்” என்றார். “அவிநாசியச் சுத்தி அவரு வெட்டாத கெணறு கம்மி. தண்ணி கண்டுதுன்னா வேட்டி துண்டு குடுத்து அனுப்புவாங்க. மறுநாளுல இருந்து அந்தக் கெணத்துல எறங்கக் கூடாது. அவரு குளிச்ச கெணறுன்னு ஒண்ணு கூட இல்லீங்க.”

“அப்ப நீங்க எங்க பழகுனீங்க?”

“பாறைக்குழில. கல்லு ஒடச்சுப்போட்டு உட்ட குழி, மழத்தண்ணி நிக்கும். எண்ணெ கேன முதுகுல கட்டி எங்கப்பாதான் பழக்குனாரு. என்ற கூடப் படிச்ச புள்ள ஒருத்தி, கேனு இல்லாம எறங்கிப்போட்டா. வரவேயில்ல.” விசிலைக் கழுத்தில் நேராக்கினார். “சரி, இப்ப நீங்க கம்பிய உடுங்க.”

அவர் யாரையும் தள்ளிவிடுவதில்லை. மூச்சிலிருந்து ஆரம்பிப்பார். நீச்சலில் பாதி, தண்ணீருக்குள் மூச்சை விடுவது. பயந்தவன் மூச்சைப் பிடித்துக்கொள்வான், கல் மாதிரி ஆகிவிடுவான். அதற்கு அவரிடம் ஒரு வழி இருந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பெண்கள் வகுப்பில் சொல்வார்: “அம்மணி, மாமியாரத் திட்டோணுமா? ஊட்டுல திட்டாதீங்க. மூஞ்சியத் தண்ணிக்குள்ள வெச்சுட்டு, மனசு ஆறுற மட்டும் திட்டுங்க.” குளம் முழுக்கக் குமிழி குமிழியாக வரும். எந்தக் குடும்பத்திலும் சண்டை வந்ததில்லை.

“எனக்கு மாமியார் ரொம்ப நல்லவங்க, மிஸ்.”

“பத்திரிகைல யாரும் இல்லீங்களா?”

ஆசிரியரை நினைத்துக்கொண்டேன். இதைப் படித்துக்கொண்டிருக்கும் ஆசிரியர் மன்னிக்க வேண்டும். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து நீண்ட நேரம் திட்டினேன். எழுந்தபோது கம்பி என் கையில் இல்லை. ஏணியிலிருந்து இரண்டு அடி தள்ளி மிதந்துகொண்டிருந்தேன்.

ஒன்றரை மாதத்தில் குளத்தின் அகலத்தை ஒரு மூச்சு எடுத்தும் எடுக்காமலும் கடக்க ஆரம்பித்தேன். முதுகு வலி எப்போது போனது என்று கவனிக்கவில்லை.

பூட்டிய கேட்

காலாண்டு லீவு சமயம் குளத்தின் வடிகட்டும் மெஷின் பழுதாகி, கேட்டில் பூட்டுத் தொங்கியது. இரண்டு மாதம் ஆகும் என்றார்கள். எங்கள் வகுப்பில் எல்லோரும் மெஷினைக் குறை சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனோம்.

எஸ்தர் மிஸ்ஸுக்கு மட்டும் அது அப்படி முடியவில்லை. அவருடைய ஞாயிற்றுக்கிழமை வகுப்பு இலவசம். அதில் பன்னிரண்டு பெண்கள், எல்லோரும் துப்புரவு வேலை பார்ப்பவர்கள். மழைக்காலத்தில் அவர்களைக் குளங்களில் ஆகாயத்தாமரை அள்ளவும் அனுப்புவார்கள். போன வருஷம் அதில் ராணி என்பவர் கால் வழுக்கி உள்ளே போய், கூட இருந்தவர்கள் சேலையை வீசி இழுத்துப் போட்டார்கள். கரையேறியதும் அவர் நேராக எஸ்தர் மிஸ்ஸிடம்தான் வந்தார், பதினோரு பேரையும் கூட்டிக்கொண்டு.

“மிதக்கறதுக்குப் பழகிட்டாங்க சார். செவுத்த உடறதுதான் பாக்கி” என்றார் எஸ்தர் மிஸ், பூட்டிய கேட்டுக்கு முன்னால் நின்று. “நாலு வாரத்துல கொளத்து வேலை ஆரம்பிச்சுரும். அதுக்குள்ள செவுத்த உட்டாகோணும். இப்ப நிறுத்துனா மறுக்கா மொதல்ல இருந்துதான்.”

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு நீச்சல் குளம் உண்டு. பெரும்பாலும் அதில் நிலா மட்டும்தான் குளிக்கும். வாட்ஸாப் குழுவில் கேட்டேன். இருபத்து நாலு பேர் கைகூப்பும் படம் போட்டார்கள். ஒருவர், பராமரிப்புக் கமிட்டி கூடியதும் பரிசீலிக்கலாம் என்றார். அந்தக் கமிட்டி கடைசியாகக் கூடியது கட்டடம் திறந்த அன்று.

நான் சொல்ல நினைத்தது ‘முயற்சி செய்தேன், முடியவில்லை’ என்பதுதான். வாயில் வந்தது வேறு. “எங்க தோட்டத்துல கெணறு இருக்குதுங்களே. இந்த வருசம் ரொம்பி நிக்குது.”

சொன்ன பிறகுதான் சித்தப்பா ஞாபகம் வந்தார்.

போனில் வருவது, நேரில் வராது

சித்தப்பாவுக்கு எழுபத்து நாலு வயது. தோட்டத்தில்தான் இருக்கிறார். அப்பா போன பிறகு கிணறு, தென்னை, மாடு எல்லாம் அவர் பொறுப்பு. போன் போட்டேன்.

“பன்னெண்டு பேரா? அதுக்கென்ன கண்ணு” என்றார். “ஆனா மீனு உட்டிருக்கறன்.”

“மீன் ஒண்ணும் ஆகாது சித்தப்பா.”

“பாசி புடிச்சுக் கெடக்குது. வழுக்கும்.”

“படிய நானே தேச்சு உடறேன்.”

“பொங்க நோம்பி வேற வருதா.”

“நோம்பிக்கு இன்னும் மூணு மாசம் இருக்குது.”

“யாரு எவுருன்னு...” என்று ஆரம்பித்து, “வயசாச்சு கண்ணு, சரியாக் காது கேக்கறதில்ல” என்று போனை வைத்துவிட்டார்.

எங்கள் பக்கத்து மனிதர்களுக்கு இல்லை என்ற சொல் வாயில் வராது. அதற்குப் பதிலாகப் பத்துக் காரணம் வரும். பத்தும் மரியாதையாக இருக்கும். நான் சோர்ந்துபோய் எஸ்தர் மிஸ்ஸிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

“நானும் இந்த ஊருதானுங்க சார். போனுல காரணம் சொல்லுவாங்க. ஆளு நேர்ல வந்து நின்னா ஒண்ணும் சொல்ல வராது. ஞாயித்துக்கெழம வேன் எடுத்துட்டு வந்துருவோம்.”

“சித்தப்பாகிட்டச் சொல்லாமயா?”

“சொன்னாத்தானுங்க காரணம் வரும்.”

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் முன்னாலேயே போய்ப் படியெல்லாம் தேய்த்தேன். சித்தப்பா எதற்கு என்று கேட்கவில்லை. எட்டு மணிக்கு வேன் வந்து நின்றது. பன்னிரண்டு பெண்கள் இறங்கினார்கள், சுடிதாரும் டீ ஷர்ட்டுமாக. லாரி டியூப் இரண்டு, கயிற்றுச் சுருள், எண்ணெய் கேன்கள். கடைசியாக எஸ்தர் மிஸ்.

சித்தப்பா அவர்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வாய் தானாகச் சொன்னது.

“வாங்க... வாங்க.”

சித்தி டீ கொண்டுவந்தார், பேப்பர் கப்பில். பேப்பர் கப்பைக் கண்டுபிடித்தவர் எங்கள் பக்கத்துக்குப் பெரிய உபகாரம் செய்திருக்கிறார். யாருக்கு எந்த டம்ளர் என்று யாரும் யோசிக்க வேண்டியதில்லை.

டீ முடிந்தது. பெண்கள் கிணற்றைப் பார்த்தார்கள், பக்கத்தில் போகவில்லை. எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்பது அவர்களுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சித்தப்பா என் பக்கம் திரும்பினார். அந்த ‘வாங்க’வோடு சரி, அதன் பிறகு அவர் பேசியதெல்லாம் என்னிடம்தான். அவர்களுக்குச் சொல்ல வேண்டியதையும் என்னிடமே சொன்னார்.

“அவிய எறங்கறது இருக்கட்டும் கண்ணு. எங்கண்ணன் பையன் நீ, மொதல்ல நீ எறங்கி அக்கரைக்குப் போய்ட்டு வா. அப்பறம் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

பதினோராவது காரணம். அன்று சுரைக்கூடு உடைந்தபோது மேட்டில் நின்றவர் அவர். எனக்கு நீச்சல் தெரியாது என்று இந்த உலகத்தில் உறுதியாகத் தெரிந்தவரும் அவர் ஒருவரே; நான் குளத்தில் பழகியது மட்டும் அவருக்குத் தெரியாது. மரியாதை குறையாமல் வேனைத் திருப்பி அனுப்ப இதைவிட நல்ல வழி கிடையாது.

ராணி என்னைப் பார்த்தார். பன்னிரண்டு பேரும் பார்த்தார்கள்.

மேலாப்பில் இரண்டடி

சட்டையைக் கழற்றினேன். என் வயிற்றைப் பார்த்து ஒரு பெண் பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ சொல்ல, இருவரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அது கொஞ்சம் தைரியம் கொடுத்தது.

ஆறாவது படியில் தண்ணீர். ஏழாவதில் இடுப்பு. எட்டாவது படி இருப்பதாகக் கால் சொல்லவில்லை. அடி தெரியவில்லை. அதே பச்சை.

“மிஸ், எவ்வளவு ஆழமிருக்கும்?”

“நாலடியோ நாப்பதடியோ, உங்களுக்கு வேண்டியது மேலாப்புல ரெண்டடி சார்” என்றார் எஸ்தர் மிஸ். கயிற்றின் ஒரு முனையைப் படியில் கட்டிவிட்டு, என் பக்கத்துப் படியில் தண்ணீரில் உட்கார்ந்திருந்தார். அவர் அந்தக் கிணற்றில் இறங்கிவிட்டதை யாரும் பேச்சாக்கவில்லை. “கீழ இருக்கறது கெணத்தோடது. அதுக்கு நீங்க எந்துக்குக் கவலப்படறீங்க?”

முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தேன். திட்ட ஆள் தேடினேன். ஆசிரியர் போதவில்லை. அவருக்குப் பதிலாக அந்த மோட்டார் ஓடிய இரண்டு நாளையும் நினைத்தேன். குமிழி நிறைய வந்தது. காலை உதைத்தேன்.

நான் நீந்தியதை அழகு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எருமைகள் என்னைவிட நளினமாகக் குட்டையைக் கடக்கும். நடுவில் ஒரு மீன் தொடையில் முட்டியது. அதைச் சித்தப்பா அனுப்பியதாக நினைத்தேன். இரண்டு வாய்த் தண்ணீர் குடித்தேன். நின்று மிதந்தேன். மறுபடி உதைத்தேன். கை எதிலோ இடித்தது. எதிர்ச் சுவர். பம்புக் குழாய். பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தால் படி வெகு தூரத்தில் இருந்தது.

விசில் சத்தம் கேட்டது. முதல்முறையாக எஸ்தர் மிஸ் ஊதியிருந்தார். பெண்கள் கை தட்டினார்கள். திரும்பி வந்தது எனக்கு ஞாபகமேயில்லை, அவ்வளவு சுலபம்.

சித்தப்பா என்னை மேலும் கீழுமாகப் பார்த்தார். “ஏன்டா, நெசமாலுமே நீந்திப்போட்டயே?” என்றார்.

பிறகு எழுந்து மோட்டார் ரூமுக்கு நடந்தார்.

இரண்டு நாள் ஓடிய மோட்டார் ஞாபகம் வந்தது. ஈரத்தோடு பின்னாலேயே போனேன். உள்ளே கையை விட்டு எதையோ பிடுங்கினார். வெளியே வந்தபோது அவர் கையில் மோட்டாரின் பியூஸ் கேரியர் இருந்தது.

“தண்ணிக்குள்ள ஆளுக இருக்கறப்ப எவனாவது சுச்சப் போட்டுட்டா?” என்றார் எரிச்சலாக. அதை மடியில் வைத்துக்கொண்டு, நாற்காலியைக் கிணற்றோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

ராணி

மூன்று மூன்று பேராக இறங்கினார்கள். கிணற்றுக்குக் குறுக்கே கயிறு. கயிற்றோரம் டியூபில் எஸ்தர் மிஸ். கொஞ்ச நேரத்தில் கிணறு முழுக்கக் குமிழி, சிரிப்பு, “அடியே, என்ற கால உடுடீ” என்ற கத்தல். எங்கள் கிணற்றுக்கு இவ்வளவு சத்தம் போடத் தெரியும் என்று எனக்குத் தெரியாது.

ராணி கடைசி வரிசையில். இடுப்பளவு தண்ணீரில் படிச் சுவரைப் பிடித்தபடி நின்றார். பத்து நிமிஷம் இருக்கும். அந்தக் கையை எனக்கு நன்றாகத் தெரியும்.

“ராணிக்கா, வாங்க” என்றார் எஸ்தர் மிஸ்.

“வாரேனுங்க மிஸ்.”

“யார நெனச்சுக்கறீங்க?”

“எங்க மேஸ்திரிய.”

முகம் உள்ளே போனது. குமிழி வந்தது, நிற்கவேயில்லை; மேஸ்திரி அன்று எங்கிருந்தாலும் விக்கியிருப்பார். சுவரிலிருந்து ஒவ்வொரு விரலாக விட்டது. உதைத்தார். கயிற்றைத் தொடவில்லை. கடந்துபோய்க்கொண்டேயிருந்தார். எதிர்ச் சுவரில் கை வைத்ததும் பதினோரு பேரும் போட்ட சத்தத்தில் தென்னையிலிருந்த காக்கை எழுந்து பறந்தது.

பம்புக் குழாயைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, ராணி மேலே பார்த்தார். அங்கே நாற்காலியில் சித்தப்பா இருந்தார்.

“ஏனுங்க அய்யா, தண்ணி ஜில்லுன்னு நல்லா இருக்குதுங்க. நீங்களும் வாங்க” என்றார்.

வீட்டுக்கு வந்தவரை உள்ளே கூப்பிடுகிற அதே குரல். சித்தப்பா காரணம் தேடினார் என்று நினைக்கிறேன். மீன், பாசி, நோம்பி எல்லாம் தீர்ந்துபோயிருந்தது.

“எனக்கு நீச்ச தெரியாதுங்கம்மா” என்றார்.

அந்த ‘வாங்க’வை விட்டால், அன்று காலையிலிருந்து அவர்களில் ஒருவரிடம் அவர் நேராகச் சொன்ன முதல் வாக்கியம் அது. எழுபத்து நாலு வயது வரை அந்தக் கிணற்றைக் காவல் காத்தவர். அதன் தண்ணீர் அவர் கணுக்காலுக்கு மேல் ஏறியதில்லை. எனக்கே அன்றுதான் தெரியும்.

எஸ்தர் மிஸ் படிக்கு வந்தார். ஆறாவது படியில் நின்று கையை நீட்டினார்.

“அதுக்கென்னுங்க. ஏழாவது படி வரைக்கும் வாங்க போதும். நான் புடிச்சுக்கறேன்.”

சித்தப்பா பியூஸ் கேரியரை என்னிடம் கொடுத்தார். செருப்பைக் கழற்றினார். வேட்டியை மடித்துக் கட்டினார். ஒவ்வொரு படியாக, சுவரைத் தடவிக்கொண்டு வந்தார். தண்ணீருக்கு ஒரு படி மேலே நின்று, நீட்டியிருந்த கையைப் பார்த்தார்.

பிறகு பிடித்துக்கொண்டார்.

“உட்டுராதீங்கம்மா.”

“உடமாட்டேனுங்க” என்றார் எஸ்தர் மிஸ். “எறங்குங்க.”